தமிழ் என்று நினைத்த பேச்சு

ஜொகூர் பாருவுக்கு வந்த புதிதில், மருத்துவமனைக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அம்மாள் ஒருவர் என்னைப் பார்த்து, "நீங்க ஊர்க்காரங்களா?" என்று கேட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஆமாம்மா, கோவில்பட்டி. நீங்க எந்தப் பக்கம்?" என்றேன். அவர் கரண்டியை அந்தரத்தில் பிடித்தபடி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நான் இங்கதான், பெக்கோக். என்னைப் பாத்தா ஊர்க்காரங்க மாதிரியா இருக்கு?" என்றார். குரலில் லேசான கோபம். பிறகுதான் எனக்கு விளங்கியது. நம் பக்கம் ஊர்க்காரர் என்றால் நம்மவர். இங்கே ஊர் என்றால் இந்தியா, ஊர்க்காரர் என்றால் அங்கிருந்து வந்து சேர்ந்த அந்நியர். அன்றிலிருந்து யார் அப்படிக் கேட்டாலும் ஆமாம் என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். எதிர்க் கேள்வி கேட்பதில்லை.

நான் பார்ப்பது மருத்துவக் குறியீட்டு வேலை. மெடிக்கல் கோடிங் என்றால் நம் ஊரில் பல வீடுகளில் தெரியும். நோயாளி வீட்டுக்குப் போன பிறகு அவருடைய கோப்பு என்னிடம் வரும். மருத்துவர்களும் தாதியரும் எழுதியதையெல்லாம் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உலகம் முழுவதற்கும் பொதுவாக வைத்திருக்கும் எழுத்தையும் எண்ணையும் போட வேண்டும். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டால் ஐ அறுபத்து மூன்று. அடைப்பா கசிவா என்று மருத்துவர் எழுதாமல் விட்டிருந்தால் ஐ அறுபத்து நான்கு. பேச்சு போயிருந்தால் ஆர் நாற்பத்தேழு. எங்கள் பிரிவில் பக்கவாதக் கோப்புகளைப் பெரும்பாலும் எனக்குத்தான் தள்ளிவிடுவார்கள், அவற்றில் தேட வேண்டியது அதிகம் என்பதால். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார், எந்தக் கை ஓய்ந்தது, விழுங்க முடிகிறதா, பேச்சு எப்படி இருக்கிறது என்று எல்லாமே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனால் கோப்பில் இருப்பவர் வேறு ஆளாகிவிடுவார்.

சென்னையிலும் இதே வேலைதான் பார்த்தேன். அங்கே எங்கள் திரையில் வந்தவர்கள் எல்லோரும் அமெரிக்கர்கள். ஒரு முகத்தைப் பார்த்ததில்லை, ஒரு முனகலைக் கேட்டதில்லை. மருத்துவர் எழுதாத எதுவும் நடக்காததுதான் என்று பயிற்சியின் முதல் நாளிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். அது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. பெருங்குடியில் ஏசி அறைக்குள் உட்கார்ந்து, ஓஹையோவில் யாரோ ஒருவருடைய வலது கை செயலிழந்ததற்கு எண் போட்டுவிட்டு, கேன்டீனில் போய் போண்டா சாப்பிடலாம். இங்கே அப்படி இல்லை. நோயாளிகள் என் தலைக்கு மேலே இரண்டு மாடி உயரத்தில் படுத்திருக்கிறார்கள். லிஃப்டில் அவர்களோடு ஏற வேண்டியிருக்கிறது. நான் யார் யாருக்கு எண் போட்டேனோ அவர்கள் சக்கர நாற்காலியில் மருந்துக் கடை வாசலில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

நடந்ததைச் சொல்வதற்கு முன் என் தமிழைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் இங்கே லாயாங் லாயாங்கில் பிறந்த குமரனைக் கல்யாணம் செய்துகொண்டு மலேசியாவுக்கு வந்தவள். அவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார், விடியும் முன்பே பாலத்தைக் கடந்துவிடுவார். மாமியார் வீட்டில் முதல் முறை சாப்பிட உட்கார்ந்தபோது, "வெஞ்சனம் எடுத்தாரட்டா அத்தை?" என்று கேட்டேன், தொட்டுக்கொள்ளும் கறியைச் சொல்லி. அவர் மகனைத் திரும்பிப் பார்த்து, "என்னா சொல்லுதுடா இது? தமிழ்தானா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அங்கன, இங்கன, வெஞ்சனம், சோலி என்று நான் வாயைத் திறந்தாலே அந்த வீட்டில் வேடிக்கையாகிவிடும். சிரிப்புக்குப் பயந்து ஒவ்வொரு சொல்லாக விட்டேன். பாசார், கம்பம், செகெஜாப், லா என்று இங்குள்ள மலாய்ச் சொற்கள் வந்து ஒட்டிக்கொண்டன. ஊர்க்காரர் பேசினால் இங்குள்ள தமிழருக்குப் புரியாது என்பது இங்கே எல்லோரும் ஏற்றுக்கொண்ட விஷயம். அதில் யாருக்கும் ஆச்சரியம் கிடையாது. சுடலைமணி என்ற நோயாளிக்கு நேர்ந்தது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

அன்று மதியச் சாப்பாடு முடிந்து மேசைக்கு வந்தபோது அவசரப் பிரிவிலிருந்து அழைத்தார்கள். "காக் விமலா, டாரி இந்தியா கான்? தோலோங் செகெஜாப்." நீங்கள் இந்தியாவிலிருந்து வந்தவர்தானே அக்கா, கொஞ்சம் வந்து உதவுங்கள் என்று அர்த்தம். இப்படிக் கூப்பிடுவது வழக்கம்தான். இந்தியத் தொழிலாளி யாராவது வந்தால் வீட்டுத் தொலைபேசி எண், ஒவ்வாமை, பழைய நோய் என்று கேட்டுச் சொல்வேன். அது என் வேலை இல்லை, ஆனால் யாரும் அதை வேலையாக நினைப்பதும் இல்லை.

திரைக்குப் பின்னால் நாற்பதைத் தாண்டிய ஒருவர் படுக்கையில் உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டுக் கடையின் சட்டை, நெற்றியில் கலைந்த திருநீறு, கட்டிலில் தொங்கிய அட்டையில் சுடலைமணி என்று பெயர். இரண்டு மணிக்கட்டுகளையும் பட்டைத் துணியால் கட்டிலின் கம்பியோடு கட்டியிருந்தார்கள். அவர் விடாமல் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்துப் படுக்கை நோயாளிக்குத் துணையாக வந்திருந்த ஒருவர் அதைக் கைபேசியில் படம் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். தள்ளுவண்டி ஊழியர் என்னைப் பார்த்ததும் கண்ணடித்து, "மாபோக்" என்றார். குடிபோதை.

தாதி கிரேஸ் அங்கே இருந்தாள். பெக்கோக் பக்கத்துத் தோட்டத்துக் குடும்பம், ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவள், நல்ல பெண். "காலைல வந்தவரு அக்கா. ஒரே பேச்சு. ஊர்த் தமிழ், வேகமா பேசுறாரு, எனக்கு ஒண்ணும் பிடிபடல. எழுந்து எழுந்து போறாரு, கதவுல போய் முட்டிக்கிறாரு. அதான் கட்டிட்டாங்க. வீட்டு நம்பர் மட்டும் கேட்டுச் சொல்லுங்கக்கா" என்றாள்.

நான் அருகில் போய், "அண்ணே, எந்த ஊரு நீங்க?" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. தன் மொழிக்காரி ஒருத்தி வந்துவிட்டாள் என்ற நிம்மதி அந்த முகத்தில் அப்படியே தெரிந்தது. கட்டிய கையை எவ்வளவு தூக்க முடியுமோ அவ்வளவு தூக்கி, எனக்கு விளக்கமாகப் பதில் சொன்னார். அதை என்னால் முடிந்தவரை இங்கே எழுதுகிறேன். "செருமள நிந்தினாப்புல வாளுது, அதுல தொரக்கி வெச்சு மிசைஞ்சிருக்கு. அப்ப தொம்பிக்கலாமா, சொல்லுங்க?" என்றார். முடிவில் கேள்வி கேட்டவர் பதிலுக்குக் காத்திருப்பதைப்போல என் கண்ணையே பார்த்தார்.

எனக்கு முதலில் வெட்கமாக இருந்தது. ஊர்த் தமிழ் எனக்கே மறந்துவிட்டதா? மாமியார் வீட்டுச் சிரிப்புக்குப் பயந்து நான் விட்ட சொற்கள்தானா இவை? மறுபடி கேட்டேன். மறுபடி சொன்னார். ஏற்றம் இறக்கம் எல்லாம் தமிழ், எங்கள் பக்கத்து இழுவைகூட இருந்தது. அப்ப, அதுல, சொல்லுங்க என்று இடையிடையே ஒன்றிரண்டு சொற்கள் தலை காட்டின. அவற்றுக்கு நடுவில் இருந்த எதுவும் எந்த மொழியிலும் ஒரு சொல் இல்லை.

அவசரப் பிரிவின் இளம் மருத்துவர் ஃபாரா வந்தார். மலாய்ப் பெண், வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாதவர். என்ன சொல்கிறார் என்று கேட்டார். "எனக்குப் புரியவில்லை டாக்டர்" என்றேன். வேறு வட்டார வழக்காக இருக்குமோ என்று அவர் கேட்டார். ஒரு சொல்லும் புரியவில்லை என்றேன். "ஒரு சொல்கூடவா?" என்றார். அவர் குரல் மாறியது. கண்ணை மூடச் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். சுடலைமணி தலையாட்டிவிட்டு மேலும் பேசினார். இடது கையைத் தூக்கச் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். சுடலைமணி சிரித்தார். மருத்துவர் எதுவும் பேசாமல் தன் கையைத் தூக்கிக் காட்டியதும் அவரும் கட்டிய கையை உடனே தூக்க முயன்றார். ஃபாரா வலதுபுறமிருந்து அவர் முகத்துக்கு நேரே விரலைக் கொண்டுவந்தார். கண் இமைக்கவில்லை. இடதுபுறமிருந்து கொண்டுவந்ததும் இமைத்தார். வலப்பக்கப் பார்வை போயிருந்ததால்தான் கதவில் முட்டியிருக்கிறார். ஃபாரா கட்டை அவிழ்க்கச் சொல்லிக் கத்திவிட்டு அவரே கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஸ்கேன் அறைக்கு ஓடினார்.

மூளையின் இடப்பக்கத்தில் அடைப்பு. பேச்சைப் புரிந்துகொள்ளும் இடம் அது. அந்த இடம் அடிபட்டால் கை கால் எல்லாம் வேலை செய்யும், பேச்சும் தடையில்லாமல் வரும், பொருள் மட்டும் இருக்காது. மற்றவர் பேசுவதும் புரியாது, தான் பேசுவது பேச்சில்லை என்பதும் தெரியாது. அடைப்பைக் கரைக்கும் மருந்தைச் சில மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன். கடையில் காலை உணவுக் கூட்டம் முடிந்த நேரத்தில் வந்தவர் அவர். மருந்துக்கான அந்தச் சில மணி நேரம் முழுவதும் அவர் இங்கேதான் இருந்தார், மருந்து இருந்த அலமாரிக்குச் சில அடி தூரத்தில், போதை தெளியட்டும் என்று கட்டிப்போட்டபடி. நேரம் தாண்டிவிட்டது, இப்போது கொடுத்தால் மூளைக்குள் ரத்தம் கசியும் என்று சொல்லிவிட்டார்கள்.

போதை என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதை மாலையில் அவருடைய முதலாளி வந்தபோது தெரிந்துகொண்டேன். வாழை இலைச் சாப்பாட்டுக் கடை நடத்துபவர். காலையில் வாசலில் இறக்கிவிட்டு, பதிவு மேசையில் கேட்டதற்கு மலாயில், "தெங்ஙா மீனும், தெரூஸ் ஜாத்தோ" என்று சொல்லிவிட்டுக் கடைக்குத் திரும்பியிருக்கிறார். குடித்துக்கொண்டிருந்தார், அப்படியே விழுந்துவிட்டார் என்று அர்த்தம். மலாயில் மீனும் என்றால் எதைக் குடித்தாலும் மீனும்தான். பதிவு செய்த தாதி அதை ஆங்கிலத்தில், குடித்துக்கொண்டிருக்கும்போது விழுந்தவர் என்று எழுதினார். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைப் பக்கத்தில் எதுவும் போடாமல் எழுதினால் அது ஒரே ஒரு பானத்தைத்தான் குறிக்கும். அடுத்துப் பார்த்தவர், போதை என்று எழுதினார். அதற்கடுத்தவர், குழப்பமான நிலை, தமிழில் சரளமாகப் பேசுகிறார் என்று எழுதினார்.

"என்ன குடிச்சிக்கிட்டு இருந்தாரு?" என்று முதலாளியைக் கேட்டேன்.

"தே தாரிக்தான்மா. வேற என்ன? அந்த ஆளு பீர்கூட தொடமாட்டான். முருகன் பக்தி. மத்தப் பசங்க பார்ட்டி போட்டாக்கூட இவன் ரூம விட்டு வெளிய வரமாட்டான்."

தே தாரிக் என்றால் இங்கே ஆற்றித் தரும் பால் தேநீர். அதை அப்போதே ஃபாராவிடம் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார். கிரேஸ் கழிவறைக்குப் போய்விட்டுக் கண் சிவந்து வந்தாள். "தமிழ் மாதிரியே இருந்துச்சுக்கா. சத்தியமா தமிழ்னுதான் நெனச்சேன். நமக்குத்தான் ஊர்த் தமிழ் தெரியலன்னு நெனச்சேன்" என்றாள். அவள் நினைத்ததையே நானும் அரை நிமிடமாவது நினைத்தேனே.

மறுநாள் அவரை மேல் மாடிக்கு மாற்றிய பிறகு, அவருடைய மனைவியோடு வீடியோவில் பேச முதலாளி ஏற்பாடு செய்தார். நான் விளக்கிச் சொல்ல வேண்டும் என்று கூப்பிட்டார்கள். கயத்தாறு பக்கத்தில் ஒரு கிராமம் அவர்களுடையது, எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். மனைவி பெயர் இசக்கியம்மாள். திரையில் அவள் தெரிந்ததும் சுடலைமணி எழுந்து உட்கார்ந்தார். கைபேசியை வாங்கிக்கொண்டு பேச ஆரம்பித்தார். மருத்துவமனையைக் காட்டினார், மணிக்கட்டில் இருந்த தடத்தைக் காட்டினார், ஏதோ ஒரு நகைச்சுவை சொல்லித் தானே சிரித்தார். இசக்கியம்மாளும் கூடச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. பிறகு காதைக் கைபேசியோடு ஒட்டிவைத்துக் கேட்டாள்.

"என்ன பாஷ பேசுதீக? மலேசியா பாஷயா? எனக்கு எப்படி வெளங்கும்?" என்றாள். அவர் இன்னும் பொறுமையாக, இன்னும் தெளிவாகச் சொன்னார், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல.

அவள் என்னைக் கூப்பிட்டாள். "யக்கா, அவுகளத் தமிழ்ல பேசச் சொல்லுங்கக்கா. அங்க போயி வேற பாஷ படிச்சிட்டாகன்னு பெருமைக்கிப் பேசுதாக போல. பாப்பா கேட்டுக்கிட்டு நிக்கா, தமிழ்ல ரெண்டு வார்த்த சொல்லச் சொல்லுங்க."

மலாய்க்காரர்கள் அவர் பேசியது தமிழ் என்று நினைத்தார்கள். இங்குள்ள தமிழர் அது ஊர்த் தமிழ் என்று நினைத்தார்கள். ஊரில் இருந்தவள் அது மலாய் என்று நினைத்தாள். அது மலாயும் இல்லை, மூளையில் அடைப்பு வந்திருக்கிறது, சொற்கள் கலைந்துவிட்டன என்று நான் சொல்லச் சொல்ல அவள் முகம் திரையில் சிறுத்துக்கொண்டே போனது. அவர் என் தோளைத் தட்டினார். நான் அவருக்குத்தான் மொழிபெயர்க்கிறேன் என்று நினைத்து, நன்றியோடு தலையாட்டினார். பிறகு கைபேசியில் மகள் தெரிந்தாள். அவர் நீளமாக ஒரு கேள்வி கேட்டார். கேள்வி என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அந்தப் பெண் பதில் சொல்லாததைப் பார்த்து அவருக்குக் கோபம் வந்தது. குரலை உயர்த்தி அதட்டினார். பிள்ளை அழுதது. முதலாளி கைபேசியைப் பிடுங்கிவிட்டார். அதன்பின் இசக்கியம்மாள் என் எண்ணை வாங்கிக்கொண்டாள்.

ஒரு வாரத்துக்குள் அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். நடக்கிற ஆள், சாப்பிடுகிற ஆள், வேலைக்குத் தகுதியில்லை என்று மட்டும் எழுதினால் போதும். முதலாளியின் ஏஜென்ட் விமானச் சீட்டைக் கொண்டுவந்தார். ஊருக்குப் போகிற இன்னொரு தொழிலாளியோடு சேர்த்து அனுப்பினார்கள். போகும்போது மருத்துவமனையின் சுருக்க அறிக்கையைக் கையில் கொடுத்தார்கள்.

அவர் போன பிறகுதான், எப்போதும்போல, கோப்பு என் மேசைக்கு வந்தது. வார்டில் பார்த்த நிபுணர் எழுதிய இறுதி நோய்க்குறிப்பு இரண்டு வரிதான். முதல் வரியில் மூளையின் இடப்பக்க ரத்தக் குழாய் அடைப்பு. இரண்டாம் வரியில் மதுபோதை. பேச்சைப் பற்றி, மொழித் தடையால் முழுமையாகச் சோதிக்க இயலவில்லை என்று ஒரு குறிப்பு. ஃபாரா தேநீர் என்று எழுதியது அவசரப் பிரிவுத் தாள்களுக்கு நடுவில் ஒரு மூலையில் கிடந்தது. வார்டில் அதை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. முதல் பக்கத்தில் இருந்ததை அடுத்தடுத்த பக்கங்களில் அப்படியே எடுத்து ஒட்டியிருந்தார்கள்.

எங்கள் வேலையில் சந்தேகம் வந்தால் மருத்துவருக்குக் கேள்வி அனுப்பலாம். ஆனால் பதிலை நம் கேள்விக்குள் வைத்து அனுப்பக் கூடாது. அவர் குடித்தது தேநீர்தானே என்று கேட்க எனக்கு அனுமதி இல்லை. மதுபோதைக்கு ஆதாரம் எது என்று தெளிவுபடுத்தவும், அவ்வளவுதான் கேட்கலாம். கேட்டேன். வருகைப் பதிவில் உள்ளபடி, என்று நிபுணர் பதில் எழுதினார். ரத்தத்தில் மது அளவு பார்க்கப்படவில்லையே என்று இரண்டாவது கேள்வி அனுப்பினேன். மாற்றமில்லை, என்று பதில் வந்தது. மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டு, ஒரு கோப்புக்கு இரண்டு கேள்விக்கு மேல் அனுப்பாதே, மருத்துவர்கள் குறைப்பட்டுக்கொள்கிறார்கள் என்றார். பேச்சிழப்பு என்று மருத்துவர் எழுதாததால் ஆர் நாற்பத்தேழைப் போட முடியாது. மதுபோதை என்று எழுதியிருப்பதால் அதற்குரிய எண்ணைப் போடாமல் விடவும் முடியாது. நான் ஃபாராவைத் தேடிப் போனேன். அவர் கோப்பை முதல் பக்கத்திலிருந்து படித்தார். பிறகு நிபுணரின் அறைக்குப் போய் வாக்குவாதம் செய்து, எழுதியதை அழிக்க முடியாது, கீழே சேர்க்க மட்டும் முடியும் என்ற அனுமதியோடு வந்தார். தேநீர் என்றும், பேச்சிழப்பு என்றும் சேர்த்து எழுதிக் கையெழுத்திட்டார். அதை வைத்துக் குறியீட்டைத் திருத்தினேன். எங்கள் கணினிக்குள் சுடலைமணி குடிக்காதவர் ஆனார். அவர் கையில் கொடுத்தனுப்பிய தாள் பழைய தாள்.

திருத்திய அறிக்கையை அவர் வீட்டுக்குச் சேர்க்கச் சொல்லி முதலாளிக்கு அழைத்தேன். அவர் கடைச் சத்தத்துக்கு நடுவில், "பெரிய டாக்டரு எழுதினதுல நான் என்னம்மா தலையிடுறது? ஆளு போயிட்டான்லா. புது ஆளு வேற இன்னும் பழகல, நீங்க ஏன்மா இதுல?" என்று சொல்லி வைத்துவிட்டார். பிறகு ஏஜென்ட் எண்ணுக்கு அனுப்பினேன். பார்த்ததற்கான நீலக் குறி வந்தது, பதில் வரவில்லை. இசக்கியம்மாளின் எண் பல நாள் அணைந்தே கிடந்தது.

அவளே கூப்பிட்டபோது பக்கத்தில் யாரோ அழும் சத்தம் கேட்டது. அழுதது அவளுடைய மகள். சுடலைமணி வீட்டுக்கு வந்து பேசிய பேச்சைக் கேட்டு முதலில் பேய் என்றிருக்கிறார்கள். இசக்கியம்மாளின் அண்ணன் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மருந்துக் கடையில் காட்டியிருக்கிறார். அத்தனை ஆங்கிலத்தில் கடைக்காரப் பையனுக்கும் அண்ணனுக்கும் தெரிந்த சொல் ஒன்றே ஒன்றுதான், ஆல்கஹால். வெளிநாட்டில் போய்க் குடித்துக் குடித்து மூளை கெட்டுவிட்டது என்று முடிவாகிவிட்டது. மதுரைக்கு வெளியே ஒரு குடி மறுவாழ்வு மையத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். கையை மட்டுமா, காலையும் கட்டிப்போட்டிருந்தார்களாம். குடி கேட்டு உளறுகிறான் என்று ஊசி போட்டார்களாம். சாப்பிடச் சொன்னால் பேசுகிறான், உட்காரச் சொன்னால் நிற்கிறான் என்று அடித்தார்களாம்.

"அண்ணன்ட்ட கொடும்மா" என்றேன்.

அவர் வந்தார். நான் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். மச்சான் குடிக்காதவர், அது தேநீர், அது பக்கவாதம், நரம்பு மருத்துவரிடம் கொண்டுபோங்கள், பேச்சுப் பயிற்சி கொடுத்தால் கொஞ்சமாவது திரும்பும் என்றேன்.

"நீங்க டாக்டரா?" என்றார்.

"இல்லண்ணே."

"நர்ஸா?"

"இல்ல. நான் டாக்டர் எழுதினதுக்கு நம்பர் போடுறவ."

"என்ன போடுறவ?" என்றார். நான் மறுபடி சொன்னேன். "அப்ப டாக்டர் எழுதினது தப்புங்கிறீங்க. நம்பர் போடுற நீங்க சொல்றது சரிங்கிறீங்க. நல்லா இருக்கும்மா" என்று தங்கையிடம் கைபேசியைக் கொடுத்துவிட்டார்.

திருத்திய அறிக்கையையும் ஃபாரா எழுதிக்கொடுத்த கடிதத்தையும் அவளுக்கே அனுப்பினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. மகளை வாசிக்கச் சொல்லி, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொடுத்தேன். அவள் அண்ணனுக்குத் தெரியாமல் அந்தத் தாள்களை நகலெடுத்துக்கொண்டு மையத்துக்குப் போய் வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். அவர்கள் விடவில்லை. மறுபடி போயிருக்கிறாள். கடைசியில் அவருக்கு வலிப்பு வந்த பிறகு, பொறுப்பு நமக்கெதற்கு என்று அவர்களே அரசு மருத்துவமனையில் தள்ளிவிட்டார்கள். அங்கே ஒரு மருத்துவர் தாள்களைப் பார்த்தார், ஸ்கேனைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார். அவ்வளவுதான் அவரால் செய்ய முடிந்தது.

சென்ற மாதம் இசக்கியம்மாள் வீடியோவில் கூப்பிட்டாள். அப்போது என் இடைவேளை. மருத்துவமனையின் மூன்றாம் மாடி நடைபாதையில் நின்றிருந்தேன். அவள் கைபேசியைத் திருப்பி அவரைக் காட்டினாள். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டை சுத்தமாக இருந்தது, முடி வெட்டியிருந்தார்கள். என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை. "அண்ணே" என்றேன். அவர் உதடு லேசாக அசைந்தது. உடனே பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

"இப்பல்லாம் பேசுததே இல்லக்கா" என்றாள் இசக்கியம்மாள். "வாயத் தொறந்தா அடி விழும்னு நெனச்சிட்டாக போல. சைகதான். ஊர்ல எல்லாரும் தெளிஞ்சிட்டாருங்காக. குடிய விட்டதும் மனுசன் எப்படி ஆயிட்டான் பாருன்னு அண்ணன் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரியுதாரு."

"பேச வைக்கணும்மா. தப்பாப் பேசினாலும் பரவால்ல, பேசட்டும்" என்றேன்.

அவள் சரி என்று தலையாட்டினாள். பிறகு அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "யக்கா, ரொம்ப நாளா கேக்கணும்னு நெனச்சேன். நீங்க அந்த நாட்டுலயே பொறந்து வளந்தவுகளா? இவ்வளவு நல்லாத் தமிழ் பேசுதீகளே."

"நான் கோவில்பட்டிம்மா" என்றேன்.

"அப்படியாக்கா" என்றாள். வெள்ளைக்காரர் ஒருவர் வணக்கம் என்று சொன்னால் நம் பக்கத்தில் எப்படிச் சிரிப்பார்களோ, அதே மரியாதையோடு சிரித்தாள். நம்பவில்லை.